துப்பாக்கி உறை சொல்லும் வரலாறு

தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரிக்காட்டுப் பக்கம் சென்றவர்கள் பனையேறும் தொழிலாளரைப் பார்த்திருப்பீர்கள். மயிரையும் இரண்டாகப் பிளக்கும் பாளை அரிவாளை அவர் வெறுமனே இடுப்பில் செருகிக்கொள்வதில்லை. அதற்கென்றே அரிவாள்பெட்டி ஒன்று உண்டு. அதை இடுப்பின் பின்புறம் கட்டிக்கொண்டுதான் மரத்தில் கால் வைப்பார். ஏன்? மூன்று காரணங்கள். அரிவாள் உடம்பைக் கிழிக்கக் கூடாது. பாதி மரத்தில் நழுவிக் கீழே விழக் கூடாது. மேலே போனதும் பார்க்காமலே கைக்கு எட்ட வேண்டும்.

உலகில் உள்ள எல்லா ஆயுத உறைகளின் இலக்கணமும் இந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. வைத்திருப்பவனைக் காக்க வேண்டும். கருவியைக் காக்க வேண்டும். வேண்டும்போது கொடுக்க வேண்டும். கைத்துப்பாக்கியின் உறையும் இதற்கு விலக்கன்று. ஆனால் துப்பாக்கி உறைக்கு நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. தனக்குள் இருக்கும் ஆயுதத்தை ஊருக்குக் காட்டுவதா, மறைப்பதா என்பதை அதுவே முடிவு செய்கிறது. அந்த முடிவின் பின்னால் அறிவியலும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. முத்துக்குளித்துறைக் கரையிலிருந்தே அந்த வரலாற்றைப் பார்ப்போம், வாருங்கள்.

திரித் துப்பாக்கிக்கு உறை இல்லை

முத்துக்குளித்துறைக்கு வெடிமருந்தின் மணம் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முத்துப் பார்களின் மீது கண் வைத்து இக்கரைக்கு வந்தனர். 1538-இல் இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள வேதாளையில் மார்த்தீம் அஃபோன்சோ தெ சோசாவின் படை மரைக்காயர்களின் கடற்படையை முறியடித்தது. அக்காலத்தில் ஐரோப்பிய வீரர்கள் கையில் இருந்தவை திரித் துப்பாக்கிகள். புகைந்துகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை வெடிமருந்தில் தொடச் செய்தால்தான் அவை வெடிக்கும். எரியும் திரியோடு உள்ள கருவியை எந்த உறைக்குள் வைப்பது? ஆகவே துப்பாக்கி தோளிலேயே கிடந்தது. யார் ஆயுதம் ஏந்தி வருகிறார் என்பது தொலைவிலேயே தெரிந்துவிடும்.

தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்கரப் பொறியும், அதன் பின் சிக்கிமுக்கிப் பொறியும் வந்த பிறகே துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தமாக மூடி வைக்க முடிந்தது. குதிரைவீரர்கள் சேணத்தின் இருபுறமும் தோல் உறைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் கைத்துப்பாக்கிகளைச் செருகினர். துப்பாக்கி உறை முதலில் பெருவழக்காக இடம்பெற்றது குதிரையின் மேல்தான். மனிதனின் இடுப்புக்கு அது பின்னரே வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் ஆயுதம் யாருக்கு உரியது என்ற கேள்வி 1801-இல் கூர்மையடைந்தது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்பு 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஊரில் ஒருவருடைய துப்பாக்கி இடுப்பில் பளபளக்கலாம்; மற்றொருவருடையது இருந்தால் மறைந்துதான் இருக்க வேண்டும். உறையின் வரலாறு இங்கே இரண்டாகப் பிரிகிறது.

ஒற்றைக் கை வீரரின் இடைவார்

முதலில் வெளிப்படையான உறையைப் பார்ப்போம். பழைய புகைப்படங்களில் ஆங்கிலேய அதிகாரிகளின் மார்பில் குறுக்காக ஒரு தோல்வார் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அகலமான இடைவாரும் தோளின் மீது செல்லும் மெல்லிய வாரும் சேர்ந்த அந்த அமைப்புக்கு ‘சாம் பிரௌன் வார்’ என்று பெயர். அது பிறந்தது இங்கிலாந்தில் அன்று, நம் இந்தியாவில்.

சாமுவேல் பிரௌன் இந்தியப் படையில் இருந்த ஒரு குதிரைப்படை அதிகாரி. 1858 ஆகஸ்டு 31-இல், பிலிபித் அருகே சீர்ப்பூரா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் அவருடைய இடக்கை தோளோடு வெட்டுண்டது. உயிர் பிழைத்து மீண்டும் பணிக்கு வந்தவருக்கு ஒரு சிக்கல். வாளை உருவ வேண்டுமானால் இடக்கை உறையைப் பிடித்திருக்க வேண்டும்; வலக்கை உருவ வேண்டும். இடக்கை இல்லாதபோது உறை ஆடும். வாள் வெளியே வராது. அவர் செய்த தீர்வு எளிமையானது. உறையை இடைவாரில் அசையாதபடி பொருத்தினார். அதன் எடை இடுப்பைக் கீழே இழுக்காதபடி, வலத்தோளின் மேல் ஒரு வாரைச் செலுத்தி எடையைப் பகிர்ந்தார். அதே வாரில் கைத்துப்பாக்கிக்கும் மூடியிட்ட தோல் உறை ஒன்று இடம்பெற்றது.

இதில் உள்ள இயந்திரவியலைக் கவனியுங்கள். ஒரு கையால் எடுக்க வேண்டிய எந்தக் கருவிக்கும் அதன் உறை அசையாமல் நிற்க வேண்டும். உறை ஆடினால், நாம் இழுக்கும் விசையின் ஒரு பகுதி உறையை நகர்த்துவதிலேயே வீணாகிவிடும். இரண்டு கையும் உள்ளவர்களுக்கும் இது பயன்படும் என்று கண்ட மற்ற அதிகாரிகள் அதைப் பின்பற்றினர். நாளடைவில் உலகின் பல படைகளும் காவல்துறைகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஒருவரின் குறையை ஈடுசெய்யப் பிறந்த பொருள், அதிகாரத்தின் அடையாளமாக மாறிவிட்டது.

சட்டைப்பையே உறையானபோது

இனி மறைவான உறைக்கு வருவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரில் 1855-இல் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். ஒரு தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி உண்டாகும் உதைப்பை வீணாக்காமல், அதைக்கொண்டே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் கைத்துப்பாக்கியை அவர் வடிவமைத்தார். நியூட்டனின் மூன்றாம் விதி ஒரு வேலையாளைப்போல் அங்கே உழைத்தது. பெல்ஜியத்தில் லீஜ் நகருக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டால் தொழிற்சாலை அதை 1900-ஆம் ஆண்டு மாதிரி என்று விற்கத் தொடங்கியது.

சுழல் துப்பாக்கியின் நடுவில் உருளை ஒன்று புடைத்து நிற்கும். பிரௌனிங் துப்பாக்கியிலோ தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஆகவே அது தட்டையாக இருந்தது. நீளம் ஏறத்தாழ 17 செ.மீ.; எடை ஏறத்தாழ 625 கிராம். அதற்குத் தனி உறையே தேவைப்படவில்லை. மேல்சட்டையின் பை போதும்.

அப்பையிலிருந்து வெளிவந்த துப்பாக்கி வரலாற்றின் பல பக்கங்களில் தடம் பதித்தது. 1904 ஜூன் 16-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகாவ் சுடப்பட்டதும், 1909 அக்டோபர் 26-இல் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபூமி கொரிய இளைஞர் ஆன் ஜுங்-குன்னால் சுடப்பட்டதும் அந்த 1900 மாதிரியால்தான். 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய துப்பாக்கியும் பிரௌனிங் வடிவமைத்த 1910 மாதிரியே.

இந்தியாவுக்கும் அது வந்தது. 1909-இல் லண்டன் ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியிலிருந்து 20 பிரௌனிங் துப்பாக்கிகள் பம்பாய்க்கு ஒளித்து அனுப்பப்பட்டன. ஒரு பயணப் பெட்டியின் இரட்டை அடித்தட்டுதான் அவற்றுக்கு உறை. அவ்வாண்டு டிசம்பர் 21-இல் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் சுடப்பட்ட வழக்கில் இது வெளிப்பட்டது.

மணியாச்சி, 1911 ஜூன் 17

இந்தப் பின்னணியோடு நம் மாவட்டத்துக்கு வருவோம். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச்சில் வ.உ.சி. கைது, மறுநாளே திருநெல்வேலியில் பெருங்கிளர்ச்சி. காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர். அந்நாள்களில் தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்தவர் இராபர்ட் ஆஷ். பின்னர் அவரே திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரானார். வ.உ.சி. சிறையில் இருந்தார், 1911-இல் அவருடைய கப்பல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

அன்றைக்கு இலங்கைக்குச் செல்லும் வழி தூத்துக்குடிதான். தனுஷ்கோடி வழி 1914-இல்தான் திறந்தது. அதனால் ‘போட் மெயில்’ எனப்பட்ட இரயில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடியது. திருநெல்வேலியிலிருந்து வருவோர் மணியாச்சி சந்திப்பில் அதற்காகக் காத்திருக்க வேண்டும். 1911 ஜூன் 17 காலை, ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்டு, மணியாச்சியில் நின்ற முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். அப்போது பெட்டிக்குள் ஏறினார் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். புனலூரில் காட்டிலாகாவில் பணியாற்றிய 25 வயது இளைஞர். மறைத்து வைத்திருந்த பெல்ஜிய பிரௌனிங் துப்பாக்கியை எடுத்தார். ஆஷின் மார்பில் குண்டு பாய்ந்தது. பின் நடைமேடையில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து, தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார். கணவன் விழுவதை எதிரிலிருந்து பார்த்த ஒரு பெண். தனக்கு முடிவு எழுதிக்கொண்ட ஓர் இளைஞர். மலையில் காத்திருந்த நான்கு குழந்தைகள். வரலாற்று நூலில் இது ஒரு பத்திதான். அன்று அது பல உயிர்களின் முழுக் கதை.

காற்று செய்த மாயம்

இந்நிகழ்வை ஆராய்ந்தோர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றனர். அன்று வீசிய பலத்த காற்றில் வெடியோசை கரைந்துபோயிற்றாம். இது நம்பக்கூடியதா? துப்பாக்கி ஓசை காற்றில் கரையுமா?

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய்களின் வழியே புகுந்து இச்சமவெளியில் சீறும். இன்று கயத்தாறுப் பகுதியில் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. தரையோடு உராய்வதால் கீழே காற்றின் வேகம் குறைவு. மேலே போகப் போக அதிகம். ஒலி அலை காற்றடிக்கும் திசையில் செல்லும்போது அதன் மேற்பகுதி விரைந்து முந்துகிறது. அதனால் அலை தரையை நோக்கி வளைகிறது. ஆகவே அத்திசையில் இருப்பவர்க்கு ஓசை நன்றாகக் கேட்கும். எதிர்த்திசையிலோ மேற்பகுதி தடைப்பட்டுப் பின்தங்குவதால் அலை வானை நோக்கி வளைந்து, நிற்பவர் தலைக்கு மேலாகச் சென்றுவிடும். அங்கே ‘ஒலி நிழல்’ விழுகிறது. கூடவே காதோரம் இரையும் காற்றும் இரயிலின் இரைச்சலும் சேர்ந்தால், சிறு துப்பாக்கியின் ஓசையைச் சற்றுத் தொலைவில் இருப்பவர் கதவு அடித்துக்கொண்டதாகக்கூட எண்ணலாம். இயற்கையே அன்று ஒலியடக்கியாகிவிட்டது.

மாக்சிம் மகனின் குழல்

காற்று செய்ததை மனிதன் கருவியால் செய்ய முனைந்தது, மணியாச்சிக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைராம் மாக்சிமை அறிவீர்கள். அவருடைய மகன் ஹைராம் பெர்சி மாக்சிம் 1909-இல் துப்பாக்கி ஒலியடக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தந்தை துப்பாக்கியை ஓயாமல் பேச வைத்தார். மகன் அதன் வாயைக் கட்டினார்!

துப்பாக்கி ஏன் முழங்குகிறது? மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட வெப்ப வாயு, குண்டு வெளியேறிய நொடியில் குழலின் வாயிலிருந்து திடீரென விரிகிறது. அவ்விரிவே முழக்கம். அந்த வாயுவைச் சிறிது நேரம் ஒரு பெரிய குழலுக்குள் சுற்றவிட்டு, ஆறவிட்டு, மெல்ல வெளியேற்றினால் முழக்கம் தணியும். மோட்டார் சைக்கிளின் அடியில் நீளமாக ஓடும் சைலன்சர் இதே வேலையைத்தான் செய்கிறது. மாக்சிமும் மோட்டார் எந்திரங்களுக்கான ஒலியடக்கிகளைச் செய்தவரே.

ஆனால் திரைப்படங்களில் வருவதுபோல் ஓசை முற்றிலும் மறைவதில்லை. நல்ல ஒலியடக்கி 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் என்பது பெருக்கல் ஏணி. 20 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் நூற்றில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 140 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் துப்பாக்கி, 120-க்கு இறங்கினாலும் அது கைதட்டலைவிடக் குறைவான ஓசையன்று.

அதோடு மற்றொரு சிக்கலும் உண்டு. குண்டு ஒலியைவிட விரைவாகச் சென்றால், வழியெல்லாம் காற்றைக் கிழித்துச் சாட்டையடி போன்ற ஓர் ஓசையை எழுப்பும். குழலின் வாயில் எதைப் பொருத்தினாலும் இந்த ஓசை அடங்காது. பழைய .303 போர்த் துப்பாக்கியின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 745 மீட்டர் பாயும். ஒலியைப்போல் இரு மடங்கு. அதற்கு ஒலியடக்கி பாதி மருந்துதான். ஒலியின் வேகமும் வெப்பத்துக்கேற்ப மாறும். பூச்சியப் பாகையில் விநாடிக்கு 331 மீட்டர். தூத்துக்குடியின் 35 பாகை வெயிலில் 352 மீட்டர். ஆக, பனிமலையில் ஒலியை முந்தும் ஒரு குண்டு, நம் கடற்கரையில் பிந்திவிடவும் கூடும்.

விளிம்பில் மருந்து வைத்த தோட்டா

அப்படியானால் ஒலியடக்கிக்கு ஏற்ற தோட்டா எது? தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்கள் அதைக் கையில் பிடித்தே இருப்பீர்கள். பயிற்சித் திடலில் சுடும் .22 துப்பாக்கியின் தோட்டாதான் அது. அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் தனியாக வெடிமூடி இருக்காது. பித்தளைக் கூட்டின் விளிம்பை மடித்து, அம்மடிப்புக்குள்ளேயே அதிர்வில் வெடிக்கும் மருந்தைப் பூசியிருப்பார்கள். அடிமுனை விளிம்பை நசுக்கியதும் தீப்பற்றும்.

1845-இல் பாரீஸில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்தில் பொழுதுபோக்காகச் சுடுவதற்குச் செய்த சிறு தோட்டாவே இதன் முன்னோடி. 1857-இல் ஸ்மித், வெசன் ஆகியோர் அமெரிக்காவில் .22 குறுந்தோட்டாவை வெளியிட்டனர். இன்று நாம் காணும் நீள் வகை 1887-இல் வந்தது. விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூட்டுக்குள் அதிக அழுத்தம் கூடாது. எனவே மருந்து குறைவு; வாயு குறைவு; கைத்துப்பாக்கியில் குண்டின் வேகமும் பெரும்பாலும் ஒலியின் வேகத்துக்குள் அடங்கும். வலுவின்மை என்று பார்த்த குணமே ஒலியை அடக்குவதற்கு வரமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறை இதைப் பிடித்துக்கொண்டது. வில்லியம் டோனவன் தலைமையில் 1942-இல் அமைந்த ஓ.எஸ்.எஸ். என்னும் அத்துறைக்காக, பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தின் துணையோடு, ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம் ஒலியடக்கி இணைந்த .22 கைத்துப்பாக்கியைச் செய்தது. அத்துறையின் 404-ஆம் பிரிவு 1944 முதல் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, திரிகோணமலையிலிருந்து கடல்வழிப் பணிகளை நடத்தியது என்பதும் நமக்கு நெருக்கமான செய்தி. போர் முடிந்த பின்னும் அத்துப்பாக்கி ஓய்வு பெறவில்லை. 1960 மே 1-இல் சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் விமானி காரி பவர்ஸிடம் அகப்பட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று.

உறையைத் தேர்ந்தெடுப்போம்

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. காட்டிலும் படகிலும் அலையும் ஒருவருக்கு, இந்த ஒலியடக்கிய துப்பாக்கிக்கு எத்தகைய உறை கொடுப்பீர்கள்?

நீளத்தை முதலில் பாருங்கள். பிரௌனிங் 17 செ.மீ. என்றோம். இதுவோ ஒலியடக்கியோடு ஏறத்தாழ 35 செ.மீ.; அதாவது முக்கால் முழம் அளவு. சட்டைப்பை உதவாது. சாம் பிரௌன் வாரில் இடுப்பில் தொங்கவிட்டால், படகில் அமரும்போது குழல் பலகையில் முட்டிக் கைப்பிடி விலாவைக் குத்தும். ஆகவே உறையின் கீழ்வாய் திறந்திருப்பதோ, அல்லது தோளிலிருந்து மார்பின் குறுக்கே சாய்வாக வருவதோ நலம்.

அடுத்தது எடையின் நடுப்புள்ளி. ஒலியடக்கி முன்னால் இருப்பதால் கனம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே இடத்தில் கட்டினால் உறை ஊசல்போல் ஆடும். எனவே மேலும் கீழும் இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். ஒற்றைக் கை பிரௌன் கண்ட பாடம் இங்கேயும் பொருந்துகிறது. மூன்றாவது, சுடுவிசை முழுவதும் மூடப்பட வேண்டும். கிளையோ கயிறோ அதில் மாட்டக் கூடாது. நான்காவது, பிடித்து நிறுத்த ஒரு மூடி அல்லது பட்டை வேண்டும். ஐந்தாவது, சில முறை சுட்டதும் ஒலியடக்கி சூடேறும். வெளியே விட வேண்டிய வெப்பத்தை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறதல்லவா? அச்சூட்டைத் தாங்கும் பொருளாகவும் உறை இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒலியை மறைக்கப் போய் உருவம் வளர்ந்துவிட்டது. சட்டைப்பைத் துப்பாக்கி கண்ணுக்கு மறைந்தது, காதுக்கு மறையவில்லை. ஒலியடக்கிய துப்பாக்கி காதுக்குச் சற்று மறைந்தது. கண்ணுக்கு மறைவது கடினமாயிற்று. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

உப்புக் காற்றும் ஆவாரம் பட்டையும்

உறை எதனால் ஆக வேண்டும்? தோல் என்பீர்கள். நம் மாநிலம் அதில் பேர்பெற்றது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது; முதல் உலகப் போரில் போர்வீரர்களின் காலணிகளுக்கும் ஆயிற்று. தோல் வளையும், உழைக்கும், ஓசையிடாது. ஆனால் கடற்கரையில் அதற்கு ஒரு குறை உண்டு.

தூத்துக்குடியின் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீர் உறிஞ்சிக் கரையும். உப்பளத்துக் கழிவுநீரில் மிகுந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். இந்த ஈரம் தோலுக்குள் தங்கும். இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் படிந்தால், அது சிறு மின்கலமாகி இரும்பைத் தின்னும். அதுவே துரு. தோலில் எஞ்சியிருக்கும் பட்டையமிலமோ பித்தளைத் தோட்டாவின் மேல் பச்சைக் களிம்பை வளர்க்கும். காக்க வேண்டிய உறையே அரிக்கும் உறையாகிவிடும். ஆகவே துப்பாக்கியைத் தோலுறையிலேயே போட்டு நெடுநாள் வைக்கக் கூடாது என்பது படைவீரர் அறிந்த பாடம். பிரிட்டிஷ் படை 1937 மாதிரியில் பருத்திப் பட்டை நெய்த துணி உறைக்கு மாறியது. பின்னர் நைலானும், ஈரம் உறிஞ்சாத வார்ப்பு நெகிழியும் வந்தன.

உறை ஒரு சட்டமும்கூட

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன நான்காவது வேலைக்கு வருவோம். விடுதலைக்குப் பின் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது.  1962-இல் வந்த விதிகள், ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவிகளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களோடு சேர்த்து முதல் வகையில் வைத்தன. 2016-ஆம் ஆண்டு விதிகளோ, உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியைத் தக்க உறைக்குள் மூடி, தம் கட்டுப்பாட்டுக்குள் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன. உறை என்பது வசதியாக இருந்த காலம் போய், கடமையாகிவிட்டது.

இது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். துப்பாக்கியின் முழக்கம் ஒரு தொல்லைதான். ஆனால் அதுவே ஓர் எச்சரிக்கையும், ஒரு சாட்சியும் ஆகும். 1908-இல் திருநெல்வேலித் தெருவில் சுட்டவர்கள் யார் என்பதை ஊரே கண்டது, கேட்டது. முழக்கமும் இல்லை, உருவமும் தெரியவில்லை என்றால், சுட்டவன் எவனாயினும், யாருக்காகச் சுட்டாலும், அவனைக் கேள்வி கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். ஆயுதத்தைவிட, கேள்விக்கு உட்படாத ஆயுதமே அதிகம் அஞ்சத்தக்கது.

இன்று தூத்துக்குடியில் ஆஷின் நினைவு மண்டபம் நிற்கிறது. சந்திப்பு நிலையம் ‘வாஞ்சி மணியாச்சி’ என்று பெயர் பெற்றிருக்கிறது. இரண்டுக்கும் இடையே இரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவுதான். அவ்வழியே செல்ல நேர்ந்தால், ஆனி மாதக் காற்றில் நிலையத்து நடைமேடையில் சற்று நின்று, காற்றை எதிர்த்து ஒருமுறையும் காற்றோடு ஒருமுறையும் நண்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எத்திசையில் குரல் போய்ச் சேர்கிறது என்று நீங்களே அறிவீர்கள். ஒலியின் பாடம் அது. வழியில் பனையேறும் பெரியவரைக் கண்டால் அவருடைய அரிவாள்பெட்டியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல உறை எப்படி இருக்க வேண்டும் என்பதை, எந்தப் படைத்தளத்தையும்விடத் தெளிவாக அவர் சொல்லித் தருவார்.